பிடித்த பத்து புத்தகமும் காணாமல் போன வளையாபதியும்

போன லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா பையன் வந்து கேட்டான். "மாமா, உங்களுக்கு எப்பவுமே ரொம்பப் பிடிச்ச பத்து புத்தகம் சொல்லுங்க. காலேஜ் திறக்கறதுக்குள்ள படிச்சுடறேன்." நம்மையும் மதித்து ஒரு பையன் புத்தகம் கேட்கிறானே என்று பெருமை தாங்கவில்லை. உடனே ஒரு தாளை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன். மோகமுள், புளியமரத்தின் கதை, கோபல்ல கிராமம், பொன்னியின் செல்வன் (இதைப் போட்டதற்குச் சிலர் திட்டுவார்கள், திட்டட்டும்), துப்பறியும் சாம்பு, உ.வே.சா.வின் என் சரித்திரம்... ஏழெட்டு கடகடவென்று வந்துவிட்டது. அப்புறம் பேனா நின்றது.

எழுதினதைத் திரும்பப் பார்த்தேன். எல்லாமே எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் என் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த புத்தகங்கள். மேல் தட்டில் என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் 'எப்பவுமே பிடித்தது' என்று நினைத்துக்கொண்டிருப்பது நிஜமாகவே என் ரசனையா, இல்லை அந்த நூலகத்து அலமாரியா? இந்தச் சந்தேகம் வந்ததும் என் சரித்திரத்தை எடுத்துப் புரட்டினேன். ஏனென்றால் இதே கேள்வியை ஒருத்தர் உ.வே.சா.விடமே கேட்டிருக்கிறார். தமிழ் நாட்டில் கேட்கப்பட்ட மிக முக்கியமான 'என்னென்ன படிச்சிருக்கீங்க' அதுதான் என்பது என் கட்சி.

தேதி 21-10-1880, வியாழக்கிழமை. கிழமையோடு எழுதி வைத்திருக்கிறார் மனுஷர். அப்போது உ.வே.சா.வுக்கு 25 வயது. கும்பகோணம் காலேஜில் தமிழ் வாத்தியார் வேலைக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. ஊருக்குப் புதுசாக முன்சீப் ஒருவர் மாற்றலாகி வந்திருந்தார், சேலம் இராமசாமி முதலியார். தமிழில் ஆர்வமுள்ளவர், போய்ப் பாருங்கள் என்று திருவாவடுதுறை மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொன்னதன் பேரில் இவர் போகிறார். முன்சீப் பெரிதாக உபசாரம் எதுவும் செய்யவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்றார் இவர். அந்தப் பேரைச் சொன்னால் அந்தக் காலத்தில் எந்தத் தமிழ் ஆர்வலரும் எழுந்து நிற்பார். முதலியார் அசையவில்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி.

இவர் அடுக்க ஆரம்பிக்கிறார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நைடதம், பிரபுலிங்கலீலை என்று அடுத்த படிக்குப் போகிறார். ம்ஹூம். சரி, இதற்கு மேல் என்ன என்று கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எடுத்து விடுகிறார். அதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் முதலியார் கேட்கிறார், இதெல்லாம் சரி, இதற்கு முன்னால் உள்ள பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா? சீவக சிந்தாமணி? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

படித்ததில்லை. இவர் மட்டுமில்லை, இவருடைய ஆசிரியரே படித்ததில்லை. புத்தகமே கண்ணில் பட்டதில்லை.

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிற்றில் என்னமோ செய்யும். அந்த 25 வயதுப் பையன் சோம்பேறி இல்லை. வறுமையில் அலைந்து, ஊர் ஊராகக் குடும்பத்தோடு பெயர்ந்து, அன்றைக்கிருந்த தமிழ்ப் புலவர்களிலேயே பெரியவர் என்று பேர்பெற்றவரின் காலடியில் உட்கார்ந்து படித்தவர். அவர் சொன்ன பட்டியல் அன்றைய தேதிக்கு நூற்றுக்கு நூறு மார்க் வாங்க வேண்டிய பட்டியல். அதில் சங்க இலக்கியம் என்று ஒரு வரிகூட இல்லை. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றுகூட இல்லை. இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பேர்கள் அவை.

முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அனுப்புகிறார். கம்பனே நமக்குத் தண்ணீர் பட்ட பாடு, இது என்ன பிரமாதம் என்று இவர் பிரித்தால், புரியவில்லை. கதை புதுசு, சமணச் சொற்கள் புதுசு. கடைசியில் எங்கே விடை கிடைத்தது தெரியுமா? அதே கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம்! அவர்கள் வீட்டில் சிந்தாமணி வழிவழியாகப் பாராயணம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. படித்து முடித்ததை விசேஷமாகக் கொண்டாடுவார்கள். தமிழ்ப் புலவர் உலகத்துக்கே தெரியாமல் போன ஒரு புத்தகம், ஒரே ஊரில் சில தெரு தள்ளி ஒரு கூட்டத்துக்கு உயிருக்குயிரான புத்தகமாக இருந்திருக்கிறது.

1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. அப்புறம் 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வரிசையாக வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. கலித்தொகையை 1887-லேயே சி.வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை போதாது, அது வேற கதை.

இதிலே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரதி தனக்குப் பிடித்த தமிழ்ப் புலவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லிவிட்டுப் போனார், கம்பன், வள்ளுவன், இளங்கோ. பாரதி பிறந்தது 1882. சிலப்பதிகாரம் முழுசாக உரையோடு அச்சில் வரும்போது அவருக்குப் பத்து வயது. (அதற்கு முன்னால் புகார்க் காண்டம் மட்டும் அச்சானதுண்டு.) அவரே ஐம்பது வருஷம் முந்திப் பிறந்திருந்தால் இளங்கோ அந்த வரிசைக்கு வந்திருப்பாரா? சிலப்பதிகாரமா சிறப்பதிகாரமா என்று பேரிலேயே குழப்பம் இருந்த காலம் அது. பாரதியின் மேதைமை அப்படியே இருந்திருக்கும், பட்டியல்தான் மாறியிருக்கும்.

நிற்க.

சிந்தாமணியும் சிலம்பும் புலவர்களின் பட்டியலிலிருந்து எப்படி விழுந்தன? கறையான், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டது, அடுப்பில் போட்டது என்று நாம் எல்லோரும் சொல்லுவோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஓலைச்சுவடியின் ஆயுசு என்ன? நன்றாகப் பாதுகாத்தால் இருநூறு, முந்நூறு வருஷம். நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பூச்சிக்கும் அதுவே அதிகம். ஆக ஒவ்வொரு புத்தகத்தையும் சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து எழுத்தாணியால் திரும்ப எழுதியாக வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகள். பிடிக்காத புத்தகத்துக்கு எவன் அப்படி முதுகு ஒடிய உட்காருவான்? கறையான் அரித்தது கடைசி அத்தியாயம்தான். அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே அந்தப் புத்தகம் யாருடைய பட்டியலிலிருந்தோ விழுந்திருக்கும்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் 17-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இலக்கணக்கொத்து என்று ஒரு நூல். எழுதியவர் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர். ஈசான தேசிகர் என்றும் சொல்வார்கள். பெரிய இலக்கணப் புலி. அவரே எழுதிய உரையில் ஒரு இடத்தில், எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கக் கூடாது என்று ஒரு பிடி பிடிக்கிறார். திருவாசகம், திருக்கோவையார் மாதிரி நூல்கள் இருக்க, சிலர் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்கப் பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, இராமன் கதை, நளன் கதை என்று படித்து ஆயுசை வீணாக்குகிறார்களே என்று வருத்தப்படுகிறார். பாற்கடலிலேயே பிறந்து வளரும் மீன், பாலை விட்டுவிட்டு வேறு எதையோ தின்னத் தேடுகிற மாதிரி என்று உவமை வேறு. உவமை அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது!

கவனிக்க வேண்டிய விஷயம், அவருக்கு இந்த நூல்களின் பேரெல்லாம் அத்துப்படி. இல்லாததை யாரும் திட்ட முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் சிலப்பதிகாரம் படித்து 'வீணாய்ப் போகிறவர்கள்' இருந்திருக்கிறார்கள். இருநூறு வருஷம் கழித்து அதே மடத்துத் தமிழ் மரபில் வளர்ந்த பையனுக்குக் கும்பகோணத்தில் பேந்தப் பேந்த முழிக்க வேண்டியதாகிவிட்டது.

மடத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உ.வே.சா.வுக்குச் சோறு போட்டதும், சிந்தாமணிப் பதிப்புக்கு ஏடு கொடுத்து உதவியதும் அதே மடம்தான். பாடம் சொல்வதில் இடம் இல்லையென்றாலும் அலமாரியில் இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத்தான் வளையாபதி.

ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று. திருவாவடுதுறையில் பிள்ளையவர்களிடம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மடத்துப் புத்தகசாலையில் வளையாபதி ஏட்டைத் தான் பார்த்ததாக உ.வே.சா. எழுதியிருக்கிறார். பார்த்திருக்கிறார்! அன்றைக்கு அவருக்குப் பழைய நூல்களில் ஈடுபாடு கிடையாது. எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிற்பாடு, தமிழ் நாடு முழுக்க ஏடு தேடி அலைந்த காலத்தில், போய்த் தேடினால் அது இல்லை. கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

இதை அவர் மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனந்த விகடனில் தொடராக, எண்பது வயது தாண்டிய நிலையில், ஊரே கொண்டாடும் மனிதர், தன் கையருகே இருந்து போன புத்தகத்தைப் பற்றித் தானே சொல்கிறார். என் சரித்திரம் என் பட்டியலில் ஏன் இருக்கிறது என்றால் இந்த ஒரு பாராவுக்காகவே இருக்கிறது.

சரி, வளையாபதி சுத்தமாகப் போய்விட்டதா என்றால், இல்லை. எழுபது சொச்சம் பாட்டுகள் இருக்கின்றன. எப்படி? அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் வருகிற இடம். பேர் தெரியாது. ஊர் தெரியாது. 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர் என்கிறார்கள். அவர் செய்தது ஒரே வேலை. தான் படித்த புத்தகங்களிலிருந்து பிடித்த பாட்டுகளையெல்லாம் பொறுக்கி, திருக்குறள் அதிகாரங்களின் மாதிரியில் தலைப்பு வைத்து அடுக்கி, ஒரே சுவடியாக எழுதினார். புறத்திரட்டு என்று பேர். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் பாட்டுகள், சுமார் முப்பது நூல்களிலிருந்து. நாமெல்லாம் டைரியில் பிடித்த வரிகளை எழுதி வைப்போமே, அதேதான். எஸ். வையாபுரிப் பிள்ளை இதை 1938-ல் பதிப்பித்தார்.

அந்த முப்பது நூல்களில் பல இன்றைக்கு இல்லை. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை, முத்தொள்ளாயிரம்... இவற்றில் நமக்குக் கிடைத்த பாட்டுகளில் பெரும்பகுதி இந்த ஆள் பொறுக்கி வைத்ததுதான். முத்தொள்ளாயிரத்தில் ஒரு பாட்டு உண்டு. ராஜா உலா வருகிறான், பெண் வாசலுக்கு ஓடாமல் இருக்க அம்மா கதவைச் சாத்துகிறாள், மகள் திறக்கிறாள், சாத்தித் திறந்து சாத்தித் திறந்து கதவின் குடுமியே தேய்ந்து போகிறது. ரசிகமணி டி.கே.சி. இந்த நூலைக் கொண்டாடியே நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார். மொத்தம் எத்தனை பாட்டு இருந்தது என்பதில் சண்டை. மூவேந்தருக்கும் சேர்த்துத் தொள்ளாயிரமா, ஆளுக்குத் தொள்ளாயிரமா? எப்படி இருந்தாலும் மிச்சம் நூற்றுச் சொச்சம்தான்.

நம்ம ஆளிடம் எனக்கு ஒரு கோபமும் உண்டு. குறள் மாதிரி தலைப்புப் போட்டுக்கொண்டு பொறுக்கினாரா, நிலையாமை, கல்வி, அரசியல் என்று அந்தந்தப் பெட்டியில் அடங்கும் பாட்டைத்தான் எடுத்தார். கதையை நகர்த்தும் பாட்டுகளை விட்டுவிட்டார். குண்டலகேசி என்ன மாதிரிக் கதை! திருடனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள், அவன் தன்னை மலையிலிருந்து தள்ளிக் கொல்லப் போகிறான் என்று தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை வலம் வந்து கும்பிடுகிறேன் என்று பின்பக்கம் போய் அவனையே தள்ளிவிடுகிறாள். அப்புறம் பௌத்தத் துறவியாகிறாள். அந்த மலை உச்சிக் காட்சியைத் தமிழில் எப்படிப் பாடியிருப்பார் நாதகுத்தனார்? தெரியாது. நமக்கு மிஞ்சிய 19 பாட்டில் உபதேசம்தான் மிகுதி. அதிலும் ஒன்று, குழந்தைப் பருவம் செத்து, இளமை செத்து, நாள்தோறும் நாம் செத்துக்கொண்டே இருக்கிறோம், அதற்கெல்லாம் ஏன் அழுவதில்லை என்று கேட்கும். அபாரமான பாட்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதை?

கதையைக் காப்பாற்றிக் கொடுத்தது யார் என்றால், எதிரி! நீலகேசி என்ற சமணக் காப்பியம் குண்டலகேசியை மறுக்கவே எழுதப்பட்டது. அதற்கு உரை எழுதியவர், எதை மறுக்கிறோம் என்று விளக்க வேண்டுமே என்று குண்டலகேசியின் கதையையும் எழுதி வைத்தார். (பாலி மொழிப் பௌத்த நூல்களிலும் இந்தக் கதை தனியாக இருக்கிறது.) பிடித்த பட்டியலில் ஒரு ஆள் பாட்டைக் காப்பாற்றினார், பிடிக்காத பட்டியலில் இன்னொரு ஆள் கதையைக் காப்பாற்றினார். ஈசான தேசிகர் மாதிரி திட்டிவிட்டு விட்டுவிடாமல், பக்கத்துக்குப் பக்கம் எடுத்துப் போட்டுத் திட்டினால் இப்படி ஒரு புண்ணியம் உண்டு போல :-)

பின்னோக்கிப் போனால் சங்க இலக்கியமே பொறுக்கி எடுத்ததுதான். எட்டுத்தொகை என்று பேரிலேயே தொகை இருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுக்கச் சொன்னது பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பொறுக்கிய முறையில் ஒன்று சுவாரசியம், அடிக்கணக்கு. நாலிலிருந்து எட்டடிப் பாட்டு குறுந்தொகைக்கு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நற்றிணைக்கு, பதின்மூன்றுக்கு மேலே அகநானூற்றுக்கு. பத்திரிகை ஆபீசில் 'ஒரு பக்கக் கதை', 'ரெண்டு பக்கக் கதை' என்று பிரித்துப் போடுகிற மாதிரி. விடுபட்ட பாட்டுகள் எத்தனை, அதில் என்ன இருந்தது என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். உபயோகமில்லாத கவலை.

பட்டியல் எத்தனை வலிமையானது என்பதற்கு வ.உ.சி. கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பேரை ஒரு பழைய வெண்பா வரிசையாகச் சொல்கிறது. கடைசி அடிகளில் இருக்கும் இரண்டு சொற்களில் எது நூலின் பேர், எது வெறும் அடைமொழி என்பதில் சந்தேகம். ஒரு வழியில் படித்தால் பதினெட்டாவது நூல் 'இன்னிலை', இன்னொரு வழியில் 'கைந்நிலை'. 1917-ல் இன்னிலை என்ற நூலை உரையோடு பதிப்பித்தார் வ.உ.சி. ஆம், கப்பலோட்டிய அதே வ.உ.சி.தான், சிறையிலிருந்து வந்து கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் தமிழ்ப் பதிப்பு வேலை பார்த்தார். பிற்பாடு கைந்நிலை ஏடும் கிடைத்து அச்சாயிற்று. இன்னிலை பழைய நூலே இல்லை, யாரோ பிற்காலத்தில் கட்டியது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் முடிவுக்கு வந்தார்கள். பட்டியலில் ஒரு பேர் காலியாக இருக்கிறது என்றால் அதை நிரப்ப ஒரு புத்தகமே கிளம்பி வருகிறது பாருங்கள். நல்லெண்ணத்தில் அதைப் பதிப்பித்த வ.உ.சி.யை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

நம்ம காலத்தில் இந்தப் பட்டியல் வேலையை முழுநேரமாகச் செய்தவர் க.நா.சு. யாரும் கண்டுகொள்ளாத புத்தகங்களைப் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டே எழுதினார். சும்மா பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கிறார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. ஆனால் ஆர். ஷண்முகசுந்தரத்தின் நாகம்மாள் 1942-ல் வந்த சின்ன நாவல், கொங்கு நாட்டுக் கிராமம், ஒரு விதவைப் பெண்ணின் நிலத் தகராறு. அது இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது என்றால் க.நா.சு. விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. அச்சுப் புத்தகத்துக்கும் ஓலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. யாராவது கேட்டால்தான் அடுத்த பதிப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி தாளுக்கு வந்தேன். பொன்னியின் செல்வனை அடித்தேன். அதை நான் சொல்லித்தானா அவன் படிக்கப் போகிறான், ஊரே சொல்லும். சாம்புவை அடிக்க மனசு வரவில்லை. நாகம்மாளைச் சேர்த்தேன். பத்தாவதாக முத்தொள்ளாயிரம். பையன் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தான்.

"கடைசியில இருக்கே, இது எங்க கிடைக்கும் மாமா?"

உள்ளே போய் என்னுடைய பிரதியை எடுத்துக்கொண்டு வந்தேன். அட்டை போய் ரொம்ப நாளாச்சு, முதல் நாலு பக்கம் தனியாக வரும். ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராது என்று தெரியும். அவன் அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதே அக்கா என்று.